குடிநோயாளிக்கு ஆஸ்பத்திரிக் கதவு எப்போது திறக்கும்?

மதுக்கடைகளை மூடு என்று நாம் முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான். 2016-ல் 500 கடைகளை மூடினார்கள். 2017-ல் இன்னொரு 500. 2023 ஜூனில் மேலும் 500. ஆட்சி மாறியது, அறிவிப்பு மாறவில்லை. கடைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கஜானாவுக்கு வந்த பணமோ ஏறிக்கொண்டே போயிற்று. 2023-24-ம் ஆண்டில் டாஸ்மாக் மூலம் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 45,855 கோடி ரூபாய் என்று சட்டமன்றத்தில் வைத்த கொள்கைக் குறிப்பே சொல்கிறது. விலையேற்றத்துக்கு இதில் பங்கு உண்டு, ஒப்புக்கொள்வோம். ஆனாலும் மூடிய கடையில் குடித்தவன் மூடாத கடையைத் தேடி நடந்தான் என்பதை யார் மறுக்க முடியும்?

மேடையில் நாம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, தோழர்களே! கடை மூடிய மறுநாள் காலையில், கை நடுங்க, உடம்பெல்லாம் வியர்க்க, தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறானே ஒரு தொழிலாளி, அவன் எங்கே போவான்? மூடு என்று சொன்ன நாமும் அவனுக்கு வழி சொல்லவில்லை. திறந்து வைத்து விற்றவர்களும் சொல்லவில்லை.

இது கற்பனைக் கேள்வி அன்று. 2020-ல் நாடே கண்ட காட்சி. மார்ச் 24-ம் தேதி மாலையோடு தமிழ்நாட்டில் மதுக்கடைகள் அடைக்கப்பட்டன. மே மாதம் பிறக்கும்வரை ஒன்றும் திறக்கவில்லை. கொரோனாவுக்காகச் செய்த காரியம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இத்தனை லட்சம் பேர் ஒரே நாளில் குடியை நிறுத்தினால் அவர்கள் உடம்பில் என்ன நடக்கும் என்று எந்த அதிகாரி யோசித்தார்? சவர லோஷனை சோடாவில் கலந்து குடித்துச் செத்தவர்கள், வார்னிஷைக் குடித்துச் செத்தவர்கள் என்று அந்த நாட்களில் ஏடுகள் எழுதின. பக்கத்துக் கேரளத்திலோ தற்கொலைகள் நடந்தன. மிரண்டுபோன சர்க்கார், டாக்டர் சீட்டு கொண்டுவந்தால் மது கொடுக்கலாம் என்று உத்தரவே போட்டுவிட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. ஒரு சர்க்காருக்கு, குடிநோயாளிக்கு மருந்து கொடுக்கும் வழி தெரியவில்லை. மது கொடுக்கும் வழிதான் தெரிந்தது!

வைத்தியம் இல்லாத நோயா இது? இல்லை. தினமும் மிதமிஞ்சிக் குடிப்பவனின் மூளையும் நரம்பும் மதுவின் மந்தத்துக்குப் பழகிவிடுகின்றன. திடீரென்று நிறுத்தினால் கட்டை அவிழ்த்த காளைபோல் நரம்பு மண்டலம் துள்ளுகிறது. ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வாந்தி, பதற்றம். முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு. மூன்றாம் நாளை ஒட்டிச் சிலருக்குப் புத்தி தடுமாறுகிறது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பான், யாரோ அடிக்க வருகிறார்கள் என்று ஓடுவான். “பேய் பிடித்துவிட்டது” என்று வீட்டார் மந்திரிக்க அழைத்துப் போவார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகிற கட்டம் அது. ஆனால் ஒரு வாரம், அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுக்கும் டயசிபாம் போன்ற மாத்திரையும், பி-1 வைட்டமினும், தண்ணீரும் சாப்பாடும், கூடவே கவனிப்பும் இருந்தால், பெரும்பாலோரைக் கரையேற்றி விடலாம். இதெல்லாம் கோடி ரூபாய் மருந்து அல்ல. பல ஆண்டுகளாக உள்ள மலிவான சரக்கு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பட்டினியோடு குடித்து விழுந்தவனைத் தூக்கி வந்தால் முதலில் “குளுக்கோஸ் ஏற்றுங்கள்” என்கிறோம். பி-1 வைட்டமின் வற்றிப்போன உடம்பில், அந்த வைட்டமின் ஊசியைப் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம் என்பது வைத்தியப் புத்தகம் படித்தவர்களுக்குத் தெரிந்த பாடம். அந்த ஊசி உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறதா? கேட்டுப் பாருங்கள்.

38 பேரில் ஒருவன்

கணக்கைப் பார்ப்போம். மத்திய சர்க்காருக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியாயிற்று. நாட்டில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றும், அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு அதனால் தீங்கோ அடிமைத்தனமோ ஏற்பட்டு உதவி தேவைப்படுகிறது என்றும் அது கூறியது. அடிமைப்பட்டுவிட்டவர்களில் ஏதாவது ஒருவகை வைத்தியம் கிடைத்தவர் 38 பேரில் ஒருவர்! ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தவர் 180 பேரில் ஒருவர்! 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பும் இதையே வேறு விதமாகச் சொன்னது: மதுவால் நோயுற்றவர்களில் 86 சதவீதம் பேருக்குச் சிகிச்சை இல்லை. அந்தக் கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

மீதி 37 பேர் எங்கே? காட்டிலா ஒளிந்திருக்கிறார்கள்? இல்லை, தோழர்களே. அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில்தான் நிற்கிறார்கள். வயிற்றெரிச்சல் என்று வருகிறார்கள். சாரத்திலிருந்து விழுந்து அடிபட்டு வருகிறார்கள். தூக்கமில்லை, கால் எரிகிறது, பிரஷர் குறையவில்லை, காசநோய் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வருகிறார்கள். டாக்டர் நிமிர்ந்து பார்க்கிறார். “குடிப்பியா?” என்கிறார். இவன் தலையைச் சொறிகிறான். “குடிக்காதே” என்கிறார். சீட்டில் வயிற்றுக்கு ஒரு மாத்திரை. அடுத்த ஆள்! வந்த நோய் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறது.

டாக்டரைத் திட்டி என்ன பயன்? வெளியே நூறு பேர் நிற்கிறார்கள், உள்ளே அவர் ஒருவர். குடியைப் பற்றிப் பேசக் கால் மணி நேரமாவது வேண்டும். அவருக்குக் கிடைப்பதோ இரண்டு நிமிஷம். பேசுவதற்கென்று ஓர் ஆள், கொடுப்பதற்கென்று மருந்து, தேறாதவனை அனுப்புவதற்கென்று மேலே ஒரு படுக்கை இந்த மூன்றையும் கொடுக்காமல், “ஏன் கவனிக்கவில்லை” என்று அவர் சட்டையைப் பிடிப்பது நியாயமாகாது. சட்டையைப் பிடிக்க வேண்டிய இடம் கோட்டையில் இருக்கிறது.

அந்த வரிசையில் குடிப்பவன் மட்டுமா நிற்கிறான்? அவன் மனைவியும் நிற்கிறாள். உடம்பெல்லாம் வலி என்பாள், நெஞ்சு படபடக்கிறது என்பாள், நாலு நாளாகத் தூங்கவில்லை என்பாள். அவளுக்கு ஒரு வலி மாத்திரை, ஒரு சத்து மாத்திரை. அந்த வலி எங்கிருந்து வருகிறதென்று அவளும் சொல்வதில்லை, கேட்பாரும் இல்லை. சனிக்கிழமைக் கூலி வீடு வந்து சேராத வேதனைக்கு எக்ஸ்ரே ஏது?

ஒரே மனிதன், மூன்று இலாகா

குடியும் மனநோயும் இரட்டைப் பிள்ளைகள். எது முதலில் பிறந்தது என்று கேட்டால் பல வீடுகளில் பதில் கிடைக்காது. பிள்ளையைப் பறிகொடுத்தவன் தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பிக்கிறான். பிறகு குடித்ததனாலேயே தூக்கம் கெட்டு, மனம் இருண்டு, கயிற்றைத் தேடுகிறான். கடன்காரனுக்குப் பயந்து குடித்தவன், குடித்ததால் மேலும் கடன்காரன் ஆகிறான். 2022-ம் ஆண்டின் தேசியக் குற்றப் பதிவேட்டைப் புரட்டுங்கள். அந்த ஆண்டு இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர் 1,70,924 பேர். அவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள்! தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அந்தப் பதிவேட்டில் குடி, போதைப் பழக்கம் என்று ஒரு கட்டம். நோய் என்று ஒரு கட்டம். குடும்பப் பிரச்சினை என்று ஒரு கட்டம். செத்தவனுக்கு மூன்றும் இருந்திருக்கும். எழுதிய போலீஸ்காரர் ஏதோ ஒன்றில் கோடு போட்டிருப்பார்.

சர்க்காரும் இந்த மனிதனை அப்படித்தான் கூறு போட்டு வைத்திருக்கிறது. போதை மறுவாழ்வு மையங்களுக்கு மானியம் கொடுப்பது மத்தியில் சமூக நீதி அமைச்சகம். மனநலத் திட்டத்தை நடத்துவது சுகாதார அமைச்சகம். குடியை விற்பது மாநிலத்தின் மதுவிலக்கு இலாகா. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! மையத்துக்குப் போனால், “மனம் சரியில்லாதவரை இங்கே வைத்துக்கொள்ள முடியாது” என்பார்கள். மனநலப் பிரிவுக்குப் போனால், “முதலில் குடியை நிறுத்திவிட்டு வா” என்பார்கள். குடியை நிறுத்த முடியவில்லை என்றுதானே அய்யா அவன் வந்தான்!

அரசு வழி இப்படி அடைபட்டிருக்கும்போது தனியார் வழி திறக்கிறது. பேருந்தில் ஒட்டிய துண்டு நோட்டீஸைப் படிக்காதவர் யார்? “அவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம், குடியை மறப்பார்.” அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? டைசல்பிராம் போன்ற மருந்து அதில் கலந்திருந்து, தெரியாமல் தின்றவன் அன்று மாலையும் குடித்தால், மூச்சுத் திணறி நெஞ்சடைக்கும் அபாயம் உண்டு. டாக்டர் அந்த மருந்தைக் கொடுக்கும்போது நோயாளியிடம் சொல்லி, சம்மதம் பெற்றுத்தான் கொடுப்பார். அடுத்தது, மாதம் இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு ஆளைப் பூட்டி வைக்கும் அனுமதியற்ற “மறுவாழ்வு இல்லம்”. அங்கே அடித்தே திருத்துகிறார்கள் என்பதும், சிலர் பிணமாக வெளியே வந்ததும் அவ்வப்போது ஏடுகளில் வரும் செய்தி. தாலியை அடகு வைத்துத்தான் அந்த அடியையும் வாங்கித் தருகிறாள் மனைவி.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதியை மறந்துவிட்டோமா? ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். ஓட முடியவில்லை, காலில் விலங்கு. ஊரில் வைத்தியம் இல்லாத காரணத்தால் அல்லவா அத்தனை தூரம் கொண்டுபோய் விட்டார்கள்? தர்காவின் மேல் நம்பிக்கை வைத்த ஏழைத் தாயைப் பழிக்காதீர்கள். அவளுடைய கிராமத்துச் சுகாதார நிலையத்தில் ஒரு மாத்திரை இருந்திருந்தால், அவள் பிள்ளை அவள் வீட்டுத் திண்ணையில் இருந்திருப்பான்.

சட்டம் என்ன சொல்கிறது?

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. தேசிய மனநலத் திட்டம் 1982-லேயே வந்துவிட்டது. மனநோய்க்கு வைத்தியம் பெரிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் இருந்தால் போதாது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வரவேண்டும் என்பதுதான் அன்றைக்கே சொன்ன கொள்கை. 1985 முதல் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் நிபுணர்கள் செய்தும் காட்டினார்கள்: சாதாரண டாக்டருக்கும் சுகாதார ஊழியருக்கும் சில வாரம் பயிற்சி, கைக்கு எட்டும் மருந்து, மாவட்டத்துக்கு ஒரு நிபுணர் குழு. 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது முதல் நான்கு மாவட்டங்களில் நமது திருச்சியும் இருந்தது. அதாவது முப்பது ஆண்டுகளாக இந்தப் பாதை நமக்குத் தெரியும்.

2017-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மது, போதைப் பொருளால் வரும் மனநிலைக் கேடுகளையும் மனநோய் என்றே அது வரையறுக்கிறது. மனநலச் சிகிச்சையைப் பொதுச் சிகிச்சையோடு, ஆரம்ப நிலை உள்ளிட்ட எல்லா நிலைகளிலும் இணைக்க வேண்டும் என்கிறது. யாரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் அலையும்படி வைக்கக் கூடாது என்கிறது. குறைந்தபட்ச சேவைகள் மாவட்டத்தில் இல்லாவிட்டால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெற்ற வைத்தியத்தின் செலவை சர்க்கார் திருப்பித் தர வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது! நம் கிளைச் செயலாளர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? உரிமை என்று எழுதிய காகிதம் நம் கையில் இருக்கும்போது, சலுகை கேட்பதுபோல் கை கட்டி நிற்கிறோம்.

நடைமுறை என்ன? குழு வந்து போகும் நாள்தான் மனநோய்க்கு நாள். அந்த நாளில் வேலைக்குப் போனால் கூலி; ஆஸ்பத்திரிக்குப் போனால் கூலி இல்லை. மற்ற நாட்களில் வலிப்பு வந்தால், நடுக்கம் வந்தால், மாவட்டத் தலைநகருக்குப் போ. நோய் என்ன, நாட்காட்டி பார்த்தா வருகிறது?

“இந்தக் குடிகாரர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது” என்று எண்ணுபவர்கள் கோவாவைக் கவனிக்க வேண்டும். அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வேறு நோய்க்காக வந்த ஆண்களில், அளவு மீறிக் குடிக்கும் 377 பேரைக் கொண்டு விக்ரம் படேல் என்ற மனநல நிபுணரின் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பகுதியினருக்கு அதோடு நாலு முறைக்கு மேற்படாத பேச்சுத் துணை. பேசியவர்கள் டாக்டர்கள் அல்ல. உள்ளூரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த சாதாரண மனிதர்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர் 26 சதவீதம். பேச்சுத் துணை பெற்றவர்களில் 36 சதவீதம். ‘லான்செட்’ என்ற பெயர்பெற்ற மருத்துவ ஏட்டில் 2017-ல் வெளிவந்த முடிவு இது. இதை வானளாவப் புகழ நாம் தயாரில்லை. நூறில் பத்துப் பேர் கூடுதல், அவ்வளவே. நடுக்கம் கண்டு முற்றிப்போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களுக்குப் பேச்சு மட்டும் போதாது, மருந்தும் படுக்கையும் வேண்டும். ஆனாலும் பத்துக் குடும்பங்களில் சனிக்கிழமைக் கூலி வீடு வந்து சேர்வது சின்னக் காரியமா? அதே குழுவினர் முன்பு மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இதேபோன்ற ஏற்பாட்டைச் செய்து பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். அதில் பலன் தெளிவாகத் தெரிந்த இடம் சர்க்கார் சுகாதார நிலையங்களே! சர்க்கார் ஆஸ்பத்திரி எதற்கும் உதவாது என்று பல்லவி பாடும் தனியார்மயப் பக்தர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கோவா வரைக்கும் போவானேன், அஸ்திவாரம் இங்கேயே இருக்கிறது. 1994-ல் அமைத்த மருத்துவப் பணிகள் கழகம், மருந்தை மொத்தமாக வாங்கிச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சேர்க்கும் வழியைப் பிற மாநிலங்களுக்கே கற்றுக்கொடுத்தது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோயிற்று. 2024-ல் அது தொழிற்கூடங்களுக்கும் நீண்டது. நல்ல காரியம். யார் செய்தாலும் நல்ல காரியம் நல்ல காரியமே. பிரஷர் பார்க்கும் அந்த இடத்திலேயே, “வாரத்தில் எத்தனை நாள் குடிக்கிறீர்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு? தூக்கம் எப்படி? வாழ்க்கை வெறுத்துப்போனது போலத் தோன்றுகிறதா?” என்று மூன்று கேள்வி கேட்டால் என்ன? கேட்டு, தேவையானவரைச் சுகாதார நிலையத்தில் ஓர் ஆலோசகரிடம் சேர்த்தால் என்ன? பிரஷர் குறையாததற்கே குடிதான் காரணமாக இருக்கும்போது, குடியைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்கள் தலையில் இதையும் சுமத்திவிட்டு, “ஊக்கத்தொகை கொடுக்கிறோமே” என்று சர்க்கார் கை கழுவக் கூடாது. குடித்திருப்பவன் வீட்டு வாசலில் தனியாக நின்று, “எவ்வளவு குடிக்கிறீர்கள்?” என்று கேட்பது எந்தப் பெண்ணுக்கும் லேசான வேலையன்று. வேலை கூடினால் ஊதியம் கூடவேண்டும், பயிற்சி வேண்டும், பாதுகாப்பு வேண்டும், பேசும் வேலைக்குத் தனி ஆள் வேண்டும். சுகாதாரத்தின் பெயரால் ஏழைப் பெண்ணின் உழைப்பை மலிவாக வாங்குவதை நாம் ஏற்பதற்கில்லை.

ஆரம்ப சுகாதார நிலையம்தான் வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறோம்? தூரம் ஒரு காரணம். வெட்கம் அதைவிடப் பெரிய காரணம். சென்னையில் 1794 முதல் இருந்துவரும் மனநல ஆஸ்பத்திரியை இன்னும் “கீழ்ப்பாக்கம்” என்று சொல்லிச் சிரிக்கிற சமூகம் இது. ஊரின் பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது! அந்த வாசலில் நின்றவனின் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்று அஞ்சுகிறார்கள். சுகாதார நிலையத்தில் அந்தத் தொல்லை இல்லை. காய்ச்சலுக்கு வந்தானா, குடிக்கு வந்தானா, மனக்கவலைக்கு வந்தானா, யாருக்குத் தெரியும்? எல்லோரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மதுவிலக்கை உயிர்க் கொள்கையாகக் கொண்ட நண்பர்கள் சிலர், “கடையை மூடினால் நோயும் போய்விடும், வைத்தியம் எதற்கு?” என்கிறார்கள். 1937-ல் சேலத்தில் தொடங்கி, 1948-ல் சென்னை ராஜ்யம் முழுவதும் பரவி, 1971-ல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கின் நன்மை தீமைகளை இங்கே விவாதிக்க இடமில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்களே, அவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். சர்க்கார் கடைச் சரக்குக்குக் கொடுக்கப் பணமில்லாதவன் மலிவான விஷத்தைக் குடித்தான். கடையைத் திறந்து வைத்தாலும், மூடி வைத்தாலும், நோயாளி நோயாளியாகவே இருக்கிறான். வைத்தியசாலையைத் திறந்து வைத்துக்கொண்டு கடையை மூடுங்கள் என்பதே நமது கட்சி.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு இதில் தனி வேலை இருக்கிறது. கோயமுத்தூரில் 1955-ல் தொடங்கியது முதல் இ.எஸ்.ஐ. மருந்தகம்தான் ஆலைத் தொழிலாளியின் ஆரம்ப சுகாதார நிலையம். நமது கூலியில் பிடித்த பணத்தில் நடப்பது அது. சில மனநோய்களுக்கு, தகுதியுள்ள தொழிலாளி நீண்டநாள் நோய்ச் சலுகையாகக் கூலியில் 80 சதவீதம்வரை பெற இ.எஸ்.ஐ. விதிகளில் இடம் வைத்திருந்தார்கள். மனச்சோர்வு நோயும் அந்தப் பட்டியலில் இருந்தது. கேட்டுப் பெற்றவர் எத்தனை பேர்? மறுபக்கம், 1923-ம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டக் காலத்திலிருந்தே ஒரு விதி: தொழிலாளி குடித்திருந்ததால்தான் காயம் பட்டது என்று காட்டிவிட்டால், உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ இல்லாத காயத்துக்கு முதலாளி நட்டஈடு தர வேண்டியதில்லை. பணம் கொடுக்கிற இடத்தில் அது குற்றம். 2017 சட்டப் புத்தகத்தில் அது நோய். நோய் என்றால் மருத்துவ விடுப்பு கொடு, வைத்தியம் கொடு, தேறி வந்தவனை வேலையில் சேர்த்துக்கொள் என்று ஒப்பந்தப் பேச்சில் ஒரு ஷரத்துச் சேர்க்கும்படி நாம் கேட்க வேண்டாமா?

நம் வீட்டையும் கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கிறது. குடிக்கிற தோழனைச் சங்கக் கூட்டத்தில் கேலி செய்கிறோம். அல்லது அவனோடு சேர்ந்தே குடிக்கிறோம். இரண்டும் அவனுக்கு உதவாது. “இன்றிலிருந்து விட்டேன்” என்று அவன் சபதம் செய்தால் மாலை போட்டு அனுப்பாதீர்கள். தினமும் காலையிலேயே குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் உள்ளவன் என்றால், அறையில் பூட்டி வைக்கவும் வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். முதல் நான்கு நாள் யாராவது கூட இருங்கள். முன்பு வலிப்பு வந்தவனானால் படுக்கை கேளுங்கள். செத்துப்போகிறேன் என்று பேசினால் குடிப்பேச்சு என்று தள்ளாதீர்கள். 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனை 2022 முதல் நடக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஒரு தடவை மீண்டும் குடித்துவிட்டான் என்பதற்காகக் கைவிடவும் வேண்டாம். சர்க்கரை நோயாளி ஒரு நாள் லட்டு தின்றால் இன்சுலினை நிறுத்திவிடுகிறோமா?

மே முதல் நாள் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. கொடியேற்றி முடித்த கையோடு அங்கே போங்கள். நம் ஊர் சுகாதார நிலையத்தில் பி-1 வைட்டமின் ஊசி இருப்பில் உண்டா, குடியை நிறுத்துபவனுக்குக் கொடுக்கும் மாத்திரை உண்டா, அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற டாக்டர் உண்டா, மனநலக் குழு எந்தக் கிழமை வருகிறது, சாயங்காலத்தில் ஒரு நாள் வர முடியுமா, ஆலோசகர் பதவி இருக்கிறதா, இருந்தால் ஏன் காலி என்று எழுத்தில் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். நகல் ஒன்றை வட்டார மருத்துவ அலுவலருக்கும், இன்னொன்றைச் சங்க அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.